மறுபடியும் அப்பா வீட்டில்

சொந்த ஃபிளாட்டுக்கு முன்பணம் சேர்ப்பதற்காகப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பும் இளம் தம்பதிகளுக்கு வாடகை மிச்சம். அந்த மிச்சத்தை யார் கையிலிருந்து எடுக்கிறார்கள் என்பது பேசப்படாத விஷயம்.

வேலைக்குப் போகும் மகன் பெற்றோர் வீட்டோடு வந்துவிட்டால் லண்டனிலோ நியூயார்க்கிலோ அவனுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள். இந்தியாவில் நேர் எதிர். அவன் தனிக்குடித்தனம் போனபோதே விசாரித்து முடித்திருப்பார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லையாம் என்று கட்டடம் முழுக்க ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அதனால், மும்பையில் இரண்டு சம்பளம் வாங்கும் ஒரு தம்பதி வாடகை ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டுப் பையனின் அப்பா வீட்டு வாசலில் டெம்போவிலிருந்து சாமான்களை இறக்கும்போது யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. லிப்ட்டில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் "நல்ல காரியம் செய்தீர்கள்" என்கிறார். பாசம் திரும்பி வந்திருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. வந்திருப்பது கணக்கு. அது வீட்டுக்குள் இருக்கும் நான்கு பேருக்கும் தெரியும்.

கணக்கு அப்படியொன்றும் கடினமானதல்ல. மும்பை மாநகராட்சி எல்லைக்குள், ஏதாவது ஒரு புறநகரில், ஒரு கோடி ரூபாய்க்கு ஒரு சின்ன ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளலாம். (மும்பைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்; அலைந்தால் கிடைக்கும்.) வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கும் 75 லட்சத்துக்கும் இடையில் இருந்தால் வீட்டின் விலையில் 80 சதவீதம் வரையும், 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம் வரையும் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரு கோடி விலைக்கு எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கிடைப்பது 75 லட்சம். மீதி 25 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைக் கட்டணம், மெட்ரோ வரியையும் சேர்த்து மும்பையில் 6 சதவீதம். அதாவது 6 லட்சம். பதிவுக் கட்டணம் 30,000. இந்த இரண்டையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் கேட்கவும் வழியில்லை. ஆக 31 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் ரொக்கம். தரகர் கமிஷன், சொசைட்டிக் கட்டணங்கள், ஹாலில் மாட்டும் மின்விசிறி எதுவும் இதில் சேரவில்லை. கட்டி முடியாத கட்டடத்தில் வாங்கினால் 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

இந்தத் தம்பதி இப்போது 35,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார்கள், அதுபோக மாதம் 30,000 சேமிக்கிறார்கள் என்றால் 31 லட்சம் சேர 8 ஆண்டு 8 மாதம் ஆகும். அப்பா வீட்டுக்குப் போய் வாடகையையும் சேமிப்போடு சேர்த்தால் மாதம் 65,000. நான்கே ஆண்டில் முடிந்துவிடும். வட்டியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்ட கணக்கு இது. விலை ஏற்றத்தை ஒதுக்க முடியாது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால்கூட அதே ஃபிளாட் நான்கு ஆண்டில் சுமார் 1 கோடியே 21 லட்சம். 8 ஆண்டு 8 மாதம் காத்திருப்பவர்களுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல். வாடகை வீட்டிலிருந்து துரத்துகிறவர்களுக்கு இலக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பா வீட்டிலிருந்து துரத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாவது அதைப் பிடிக்க முடிகிறது.

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 75 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 65,000. அப்பா வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு மாதமும் அதே தொகையைத் தவறாமல் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு நாளை வங்கித் தவணை பயமுறுத்தாது. ஒதுக்க முடியாதவர்களுக்கு ஃபிளாட் வாங்குவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. நல்லதுதான்.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்கு வீடு என்பது ஓய்வு பெறும்போது வரும் சமாச்சாரம். பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்த பிறகு, சொந்த ஊரிலோ புறநகரிலோ நாலு சுவர் எழுப்புவார்கள். நடுத்தர வர்க்கத்தினரின் சம்பளத்தை நம்பி நீண்டகாலக் கடன் கொடுக்கலாம் என்று ஹெச்.டி.எஃப்.சி. 1977இல் தொடங்கப்பட்டது. தேசிய வீட்டுவசதி வங்கி 1988இல் வந்தது. 1990களின் நடுவில்கூடக் கடன் வட்டி 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிறகு வட்டி இறங்க இறங்க, வீடு வாங்கும் வயதும் இறங்கியது. அப்பா 58 வயதில் செய்ததை மகன் 32 வயதில் செய்யப் பார்க்கிறான். அப்பாவுக்கு 30 வருட பிராவிடண்ட் ஃபண்ட் கை கொடுத்தது. மகனுக்கு அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் படுக்கையறை.

மும்பையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிவதற்கு ஒரு பழைய சட்டமும் காரணம். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் உறைய வைத்தது. ஏழைக் குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த சட்டம், காப்பாற்றவும் செய்தது. ஆனால் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டடம் கட்டுவதை முதலாளிகள் அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நகரம் சொந்த ஃபிளாட்டுகளையும் கூட்டுறவு சொசைட்டிகளையும் நம்பியே வளர்ந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பிடியைத் தளர்த்தியபோது வாடகை வீடு என்பது 11 மாத ஒப்பந்தம், ஒவ்வொரு முறையும் தரகருக்கு ஒரு மாத வாடகை, எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் என்று ஆகியிருந்தது. வாடகை வீட்டில் நிம்மதியாக வயதாகலாம் என்ற வாய்ப்பு இந்த நகரத்தின் நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்ததே இல்லை. அதனால்தான் சொந்த வீட்டுக்கு இத்தனை அவசரம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெங்களூர், புனே, ஹைதராபாத் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் லேப்டாப்போடு பெற்றோர் வீடுகளுக்குத் திரும்பினார்கள். திட்டம் போட்டுத் திரும்பியவர்கள் குறைவு. ஆனால் ஆறு மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தபோது பலருக்கும் வாடகை எவ்வளவு பெரிய ஓட்டை என்பது புரிந்தது. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து வைத்திருந்தவர்களுக்குக் காலி செய்தபோது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது வேறு. அலுவலகங்கள் மறுபடி கூப்பிட்டபோது பெரும்பாலோர் வாடகைக்கே திரும்பினார்கள். பெற்றோரும் வேலையும் ஒரே நகரத்தில் அமைந்தவர்களுக்கு மட்டும் திரும்பாமல் இருக்கும் வசதி இருந்தது. மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை போன்ற பழைய பெருநகரங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிடைத்த ஒரு சொத்து என்றே இதைச் சொல்ல வேண்டும். பாட்னாவிலிருந்து மும்பைக்கு வேலைக்கு வந்த சக ஊழியனுக்கு அதே சம்பளம்தான். அவனுக்கு டோம்பிவிலியில் அம்மா இல்லை.

டோம்பிவிலியில் அம்மா இருப்பவனின் கதைக்கு வரலாம்.

அந்த வீடு பெரும்பாலும் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. மொத்தம் 400, 450 சதுர அடி. அப்பா வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்துக் கடனில் வாங்கியது. கடன் அடைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கல்யாணமான பிள்ளை மனைவியோடு வந்தால் படுக்கையறை யாருக்கு என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பதில் முன்பே முடிவாகிவிட்டது. டெம்போ வருவதற்கு முதல் நாளே அம்மா அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து வைத்திருப்பாள். அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை டப்பா ஹாலில் டெலிவிஷன் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கும். சோபாவும் படுக்கையுமாக இரட்டை வேலை பார்க்கும் அந்த மரச் சாமானைக் கண்டுபிடித்தவருக்கு மும்பையில் சிலை வைக்கலாம். ஆனால் 64 வயதில் தினமும் இரவு அதை இழுத்து விரித்து, காலையில் பால்காரர் வருவதற்குள் மடக்கி வைப்பது விளையாட்டில்லை. இரவு இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகிறவர் படுக்கையறை வழியாகப் போக முடியாது என்பதால் பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் தடவிக்கொண்டு போகிறார். மகன் இரவு 11 மணிக்கு அமெரிக்க அலுவலகத்தோடு பேசுவதற்காக ஹாலில் வந்து உட்கார்ந்தால், அப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

மும்பையின் இந்த இட நெருக்கடி புதிதல்ல. பாசு சாட்டர்ஜியின் 'பியா கா கர்' 1972லேயே, மாமனார் வீட்டில் தனிமைக்கு இடம் கிடைக்காமல் திண்டாடும் புதுத் தம்பதியை வைத்துப் படம் முழுக்கச் சிரிக்க வைத்தது. ஜெயா பாதுரி நடித்த அந்த மருமகளுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை. இன்றைய மருமகளுக்கு இருந்தது. இரண்டு வருடம் தனி வீட்டில் இருந்து, தன் நேரத்துக்கு எழுந்து, தன் இஷ்டத்துக்குச் சமைத்தோ சமைக்காமலோ, நைட்டியோடு ஹாலில் நடந்து பழகிய பிறகு திரும்பி வருகிறாள். வித்தியாசம் பெரிது.

கணக்கில் அவள் பங்கு எங்கேயும் எழுதப்படுவதில்லை. மாதம் 35,000 மிச்சம் என்பது அவனுக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவன் தான் வளர்ந்த வீட்டுக்குப் போகிறான். அவள் மாமியாரின் சமையலறைக்குப் போகிறாள். அலுவலகத்திலிருந்து ஏழரை மணிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் விளக்கு எரிந்தால், நேரே அங்கே போகாமல் அறைக்குள் போவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். மகன் டெலிவிஷன் முன்னால் உட்காருவதற்கு எந்தத் துணிச்சலும் வேண்டாம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். மகனும் மருமகளும் வந்து சேர்ந்த வீட்டில் கூடும் வேலை இரண்டு பெண்களுக்கிடையே பங்கு பிரிகிறது. அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்பதில்தான் நான்கு ஆண்டும் நிம்மதியாகப் போகுமா என்பது இருக்கிறது. பெரும்பாலும் அதிகம் சுமப்பவள் அந்த 60 வயது அம்மாதான். இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிய இடத்தில் நான்கு. வாஷிங் மெஷின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடிய இடத்தில் தினமும். மருமகளைக் குறை சொல்லும் அம்மாக்கள் உண்டு. குறை சொல்லாமல் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும் அம்மாக்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

பணம் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஓரளவுக்கு. முதல் மாதம் மகன் நோட்டுகளை நீட்டும்போது செம்பூரிலும் முலுண்டிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "எனக்கெதுக்குடா பணம்? நீ வீடு வாங்கு, அது போதும்." மராட்டிக் குடும்பத்திலும் குஜராத்திக் குடும்பத்திலும் வார்த்தை வேறு, பதில் இதேதான். மகன் நோட்டுகளைப் பையில் வைத்துக்கொள்கிறான். அங்கேதான் தப்பு நடக்கிறது. பென்ஷன் வாங்கும் வீட்டில் இரண்டாவது ஏ.சி. ஓடும்போது மின்சாரக் கட்டணம் இரண்டு மடங்காகிறது. பால், கேஸ், காய்கறி, வேலைக்காரம்மாவின் சம்பளம் எல்லாம் ஏறுகின்றன. அம்மா சொல்ல மாட்டாள். அப்பா பிக்ஸட் டெபாசிட் ஒன்றை முதிர்வதற்கு முன்பே உடைப்பார். மகனுக்கு அது தெரியாது.

மாதம் 15,000 ரூபாயை வங்கி மூலமாகவே அம்மாவின் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிட்டால் இந்த நாடகம் வேண்டாம். அப்போது சேமிப்பு 65,000த்திலிருந்து 50,000 ஆகும். அதே 31 லட்சம் சேர நான்கு ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு 3 மாதம் பிடிக்கும். 15 மாதம் அதிகம். இந்தப் 15 மாதம் கண்ணை உறுத்துகிறது என்பதால்தான் பல பிள்ளைகள் அம்மாவின் "எனக்கெதுக்கு"வை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில் வரிச் சலுகையும் தேடுவார்கள். வீடு பெற்றோர் பெயரில் இருந்து, வாடகை நிஜமாகவே அவர்கள் கணக்குக்குப் போனால், பழைய வரிமுறையில் இருக்கும் மகன் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கலாம். அப்பா அதை வருமானமாகக் காட்ட வேண்டும். அதில் 30 சதவீதம் கழிவு உண்டு. பென்ஷன் குறைவாக இருந்தால் அவருக்கு வரியே வராமல் போகலாம். ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து, கேட்காமலே அமலாவது புதிய வரிமுறை. அதில் இந்தச் சலுகை கிடையாது. காகிதத்தில் மட்டும் வாடகை கொடுத்து ரசீது வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மாட்டிக்கொண்டால் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் 64 வயது அப்பாவும்தான்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பது அடுத்த விஷயம். வாடகை என்று ஒன்று ஒன்றாம் தேதி வெளியே போகும்வரை மனிதர்கள் ஒழுங்காக இருக்கிறார்கள். அது நின்ற முதல் மாதமே கை தாராளமாகிறது. வீட்டில் சும்மா இருப்பதாகத் தோன்றும் சனிக்கிழமைகளில் மால், ஓட்டல். தனியாக இருக்கக் கிடைக்கும் நேரம் வெளியில்தான் என்பதால் தம்பதியைக் குறை சொல்லவும் முடியாது. நகரத்தில் தனிமைக்கும் விலை உண்டு. மூன்றாம் மாதம் கார் வாங்கும் யோசனை. தங்கை கல்யாணம் வந்தால் 'சேர்த்து வைத்திருக்கிறாயே' என்று எல்லோர் பார்வையும் ஒரே பக்கம் திரும்பும். ஒரு கூரைக்குள் இருக்கும்போது அந்தப் பணம் வீட்டுக்கென்று சேர்த்தது என்று சொல்லி மறுப்பது எந்த மகனுக்கும் எளிதல்ல. மூன்று வருடம் அப்பா வீட்டில் இருந்துவிட்டு முன்பணமும் இல்லாமல் நிற்பவர்கள் ஊதாரிகள் என்று அர்த்தமில்லை.

பணம் சேர்ந்துவிட்டால் அதைத் தொலைப்பதற்கும் வழி இருந்தது. பீம்சேன் இயக்கிய 'கரோண்டா'வில், 1977இல், ஆபீஸில் வேலை பார்க்கும் அமோல் பாலேக்கரும் ஜரீனா வஹாபும் பைசா பைசாவாகச் சேர்த்து ஃபிளாட்டுக்குக் கட்டிய பணத்தை பில்டர் ஏமாற்றிவிடுவான். காதலும் அதோடு போகும். இன்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வாங்கியதில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். ஆனாலும் தாமதம் ஆகத்தான் செய்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் தாமதமானால் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டித் திணறுவார். அப்பா வீட்டில் இருப்பவருக்கு அந்தத் திணறல் இல்லை. திணறுவது அப்பாதான், ஹாலில், இன்னும் ஒன்றரை வருடம்.

பெண்ணின் பெற்றோர் வீட்டுக்குப் போனால் என்ன? அவர்கள் வீடு இருவர் அலுவலகத்துக்கும் பக்கம், இரண்டு படுக்கையறை, பெற்றோர் இரண்டு பேர் மட்டும். கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்தால் படித்த மாப்பிள்ளையின் முகமும் சுருங்கிவிடுகிறது. இந்தியில் 'கர் ஜமாய்', மராட்டியில் 'கர் ஜாவயி', தமிழில் 'வீட்டோடு மாப்பிள்ளை'. எந்த மொழியிலும் அது மரியாதையான வார்த்தை இல்லை. மகன் வீட்டில் தங்கினால் கடமை, மகள் வீட்டில் தங்கினால் கேலி. காலியாகக் கிடக்கும் ஓர் அறையை விட்டுவிட்டு, நெருக்கடியான ஹாலைத் தேடிப் போகிற தம்பதிகளுக்குச் சிக்கனம் பற்றிச் சொல்லிக்கொடுக்க எந்த வங்கி மேலாளராலும் முடியாது.

யாருக்கு என்ன உரிமை என்ற கேள்வி, சண்டை வரும் வரை எழுவதில்லை. எழும்போது சட்டம் பலரை ஆச்சரியப்படுத்துகிறது. பெற்றோர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டில் மகன், கல்யாணம் ஆனவனோ ஆகாதவனோ, வசிப்பதற்குச் சட்ட உரிமை எதுவும் இல்லை, அவர்கள் அனுமதிக்கும்வரை இருக்கலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016 நவம்பரில் சொன்னது. மருமகளின் நிலை வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது அவள் குடும்பம் நடத்திய வீடாக இருந்தால் அங்கே வசிக்க அவள் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இரண்டும் நியாயமான தீர்ப்புகள். இரண்டையும் சேர்த்துப் படித்த ஒரு மாமனார், டெம்போ வரும் நாளில் கொஞ்சம் யோசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அண்ணன் தம்பிகளின் மனஸ்தாபம் கோர்ட் வரை போகாது. ஆனால் அது நிற்பதும் இல்லை. நாசிக்கில் வாடகை வீட்டில் இருக்கும் தம்பி, அண்ணன் நான்கு வருடம் வாடகை இல்லாமல் இருந்தான் என்பதை மறக்க மாட்டான். பாகப் பிரிவினை நாளில் அது வெளியே வரும். அண்ணி பதிலுக்கு, அந்த நான்கு வருடம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யார் என்று கேட்பாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

குழந்தை விஷயமும் இருக்கிறது. சொந்த வீட்டுக்குப் போன பிறகுதான் என்று தம்பதி முடிவு செய்திருப்பார்கள். மாமியாருக்கு அது சொல்லப்பட்டிருக்காது. அவள் மாதாமாதம் ஏதோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். முடிவை மாற்றிக்கொண்டு குழந்தை பிறந்துவிட்டால் திட்டமே தலைகீழாகிறது. மும்பையில் வேலைக்குப் போகும் தாய்க்குப் பாட்டியைவிட நம்பகமான குழந்தைக் காப்பகம் கிடையாது. சம்பளமும் இல்லை. முன்பணம் சேர்ந்த பிறகும் கிளம்ப மனம் வராது. குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். பாட்டிக்கும் அது சந்தோஷம்தான். அறுபத்து மூன்று வயதில் ஒரு கைக்குழந்தையைப் பகல் முழுக்கத் தூக்கிக்கொண்டிருப்பது சந்தோஷமும் வலியும் ஒன்றாகச் சேர்ந்த வேலை என்று அவளே சொல்வாள், கேட்டால்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு யோசனை பிறக்கும். மிக அன்பான யோசனை. எதற்கு இரண்டு வீடு? அப்பா பெயரில் இருக்கும் இந்தப் பழைய ஃபிளாட்டை விற்று, மகன் சேர்த்ததோடு சேர்த்து, தாணேயில் இரண்டு படுக்கையறை வாங்கிவிட்டால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாமே. அப்பாவுக்கும் ஓர் அறை கிடைக்கும். சேமிப்புத் திட்டம் முழுவதிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். கடன் வாங்குகிறவர் மகன் என்பதால் பத்திரமும் மகன், மருமகள் பெயரில் எழுதப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் பெண் பெயரில் மட்டும் வாங்கினால் முத்திரைக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. தில்லியிலும் பெண்ணுக்குக் குறைவு. அதனால் தனியாக மருமகள் பெயரிலேயே எழுதுவதும் உண்டு. அவள் வருடக்கணக்கில் சம்பளத்தைக் கொட்டியவள் என்ற முறையில் அது நியாயமும்கூட. ஆனால் அப்பாவின் 50 லட்சமோ 60 லட்சமோ எந்தக் காகிதத்திலும் இல்லை.

2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வாதாடுவது சுலபம். பழைய வீட்டை விற்று ரொக்கமாகக் கைமாற்றிவிட்டவருக்குக் காட்டுவதற்குப் பத்திரமே இல்லை. அப்பா கொடுத்த பங்குக்கு ஏற்பப் புதிய ஃபிளாட்டில் அவர் பெயரும் அம்மா பெயரும் சேர்வதற்குக் கூடுதலாக ஆகும் செலவு மிகக் குறைவு. சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்குத்தான் பெற்றோருக்கு வாய் வருவதில்லை. பிள்ளையை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். இதை மகன் கேட்க வேண்டும். இன்னும் நல்லது, மருமகள் கேட்டால். பணத்தைப் பங்காக இல்லாமல் கடனாகக் கொடுப்பதானால் வங்கி மூலம் கொடுத்து ஒரு தாளில் எழுதி வைக்கலாம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் எப்படியும் அனுமதிப்பதில்லை. பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகத் தரும் பணத்துக்குப் பிள்ளை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் அது திரும்பி வராது.

எல்லாம் திட்டப்படி நடந்து தம்பதி கிளம்பும் வீடுகளும் நிறைய உண்டு. தேதியை முதலிலேயே சொல்லி வந்தவர்கள் இவர்களில் அதிகம். 'கொஞ்ச நாள்' என்று வந்தவர்களைவிட, '2028 தீபாவளிக்குள்' என்று வந்தவர்களோடு குடித்தனம் நடத்துவது மாமியாருக்கும் எளிது, மருமகளுக்கும் எளிது. முடிவு தெரிந்த எதையும் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

மறுபடியும் டெம்போ வருகிறது. வந்தபோது கொண்டுவந்த ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வைக்க இடமில்லாமல் பாதி விலைக்கு விற்றாகிவிட்டது. இப்போது புதிதாக வாங்க வேண்டும். அதையும் யாரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. பரணிலிருந்து மருமகளின் மிக்ஸியும் குக்கரும் செய்தித்தாள் சுற்றியபடியே இறங்குகின்றன. அம்மா சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்து, எது யாருடைய பாத்திரம் என்று பிரிக்கிறாள். இரண்டு மூன்று பாத்திரங்களில் அவளுக்கே நிச்சயமில்லை. மருமகளிடம் கேட்டால், "உங்களிடமே இருக்கட்டும் அத்தே" என்கிறாள்.

அன்று இரவிலிருந்து அப்பா படுக்கையறைக்குத் திரும்பிவிடலாம். சிலர் திரும்புகிறார்கள். சிலர் ஹாலிலேயே படுத்துக்கொள்கிறார்கள், காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி.